முழு இழப்பும் மீதமுள்ள வாகனக் கடனும்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு–மறையூர் சாலையின் பெரியவரைப் பாலம் இடிந்ததை இப்பகுதி வாடிக்கையாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலைச்சாலையில் வாகனம் பள்ளத்தில் உருண்டாலோ வெள்ளத்தில் மூழ்கினாலோ, அது பழுதுபார்க்கத் தக்கதா என்பதே முதற்கேள்வி.

விரிவான காப்பீட்டுப் பத்திரத்தில் ‘ஐ.டி.வி.’ எனக் குறிக்கப்படும் மதிப்பே இதற்கு அளவுகோல். பள்ளத்திலிருந்து மீட்கும் செலவும் பழுதுச் செலவும் சேர்ந்து அம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகும். மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இக்கணக்கே எழாது.

மறையூர் வெல்லம் ஏற்றும் ஒரு வாகனத்தின் ஐ.டி.வி. 5 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். செலவு 3.75 லட்சத்தைக் கடந்தால் முழு இழப்பு. கடன் பாக்கி 4.2 லட்சம் எனில், இழப்பீட்டில் அத்தொகை முதலில் வங்கிக்குச் சேரும். எஞ்சிய 80,000 ரூபாயில் கட்டாயக் கழிவு போக உள்ளதே உரிமையாளருக்கு. பிரீமியம் சற்றுக் குறையுமென்று ஐ.டி.வி.யை 4 லட்சமாக்கியிருந்தால்? வாகனம் போய், 20,000 ரூபாய்க்கு மேல் கடன் மட்டும் நிற்கும். இதனைச் சிக்கனமென்று என்னால் கருத இயலவில்லை.

விபத்து நேர்ந்தால் வாகனம் கிடக்கும் நிலையிலேயே படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் உடனே அறிவியுங்கள். நீரில் மூழ்கிய எஞ்சினை இயக்கிப் பார்க்க வேண்டாம்; சர்வேயர் பார்வையிடுமுன் பழுதுவேலையைத் தொடங்கவும் வேண்டாம். இழப்பீடு வரும்வரை மாதத் தவணை தொடரும். முழு இழப்பு உறுதியானால், மோட்டார் வாகனச் சட்டப்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும்.