சுழிக்கு முன் காலைப் பாருங்கள்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் குதிரை வளர்க்க ஆசைப்படும் தம்பிகளுக்கு, நாற்பது வருடம் லாடம் அடித்தவன் சொல்வது.

1. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் எல்லாரும் முதலில் தேடுவது ராசி பார்க்கும் முடிச்சுழியை. நானும் சுழி பார்த்துத்தான் என் முதல் குட்டியை வாங்கினேன். பக்கவாட்டில் நின்று பார்த்திருந்தால், முன்னங்கால் முட்டி பின்பக்கமாக வளைந்திருந்தது தெரிந்திருக்கும். நாலு வயதில் வண்டியில் பூட்டினேன். எட்டாம் மாதம் முட்டி வீங்கியது. எக்ஸ்ரேயில் பார்த்தால், முட்டி எலும்பின் முன் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அப்படிப்பட்ட முட்டி அடிக்கு அடி பின்னால் வளைந்து, முன்பக்க எலும்புகளை நசுக்கும். அந்தக் குட்டி பட்ட வலிக்கு நான்தான் காரணம்.

2. ஆகவே கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கிக்கொண்டு போங்கள். குட்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னால் நின்று, தோள் முனையிலிருந்து நூலை விடுங்கள். முட்டி, கணு, குளம்பு மூன்றையும் அது நடுவாகப் பிளக்க வேண்டும். முட்டிக்குக் கீழுள்ள எலும்பு வெளியே தள்ளி நின்றால், உட்பக்கச் சின்ன எலும்பு சுமை தாங்காமல் முடிச்சு கட்டும். பிறகு நடக்கவிட்டும் பாருங்கள்.

3. பிறந்த குட்டிக்கு முட்டி லேசாக உள்வாங்கித் தட்டுவது குறையல்ல. நெஞ்சு அகல அகலப் பெரும்பாலும் தானே நேராகும். கணு வளைந்திருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். கணுவுக்கு மேலே எலும்பு வளரும் இடம் முதல் மூன்று மாதத்திலேயே பெரும்பங்கு வளர்ந்துவிடும். முட்டிக்கு மேலுள்ளது ஒன்றரை வயதைத் தாண்டியும் வளரும். எத்தனை பேரிடம் சொல்லியும், ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று இருந்துவிட்டு ஒரு வயதுக் குட்டியை ஓட்டிவருகிறார்கள். அதற்குப் பிறகு கணுவை நேராக்க என் அரத்தால் ஆவது எதுவுமில்லை.

4. குளம்பு உள்நோக்கித் திரும்பிய குதிரை ஓடும்போது காலை வெளியே வீசும். வெளிநோக்கித் திரும்பியது உள்ளே வீசி மறுகாலை இடித்துக்கொள்ளும். ஒன்றை எடுத்தே ஆகவேண்டுமென்றால் முதலாவதை எடுங்கள். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை குட்டியின் குளம்பைச் சீவுங்கள். வளர்ந்த குதிரையின் கோணலை லாடத்தால் நேராக்கப் போனால் மூட்டு கெடும்.

5. கணுவுக்குக் கீழே செங்குத்தாக நிற்கும் கால் எண்ணூர் விரைவுச் சாலைக்கு ஆகாது. இறுகிய சாலையின் அதிர்ச்சி நேரே எலும்புக்கு ஏறும். அதிகம் சாய்ந்திருந்தால் தசைநாண் தாங்காது.

6. தவிடும் கொள்ளும் மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொள்ளும். குதிரைமசாலில் கால்சியம் நிறைய உண்டு. அந்தப் பெயரை வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். அவசரமாகக் கொழுக்கவைக்கவும் வேண்டாம். எலும்பின் வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுக்காமல் குதி தரையை விட்டு எழும்பிவிடும்.

7. பந்தய மைதானத்தில் இரண்டு வயதுக் குட்டிகள் ஓடவில்லையா என்று கேட்பீர்கள். அங்கே தடம் வேறு, பயிற்சியாளரும் மருத்துவரும் கூடவே இருக்கிறார்கள். அப்படியிருந்தும் கால் போகும் குட்டிகள் உண்டு. குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்து வயதாவது ஆகும். சந்தையில் சொல்லும் வயதை நம்பாமல் வாயைத் திறந்து பாருங்கள்: இரண்டரை வயதில் முன்வரிசை நடுப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும், ஐந்தில் வாய் நிறையும். மூன்று முடியுமுன் ஆள் ஏற்றாதீர்கள். கல்யாண ஊர்வலத்தில் இரண்டு வயதுக் குட்டியின் மேல் மாப்பிள்ளையை உட்காரவைப்பதைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

8. பழக்க, அலை நனைத்து இறுகிய மணல் நல்லது. கால் புதையும் உலர்மணலில் ஓட்டினால் தசைநாண் இழுத்துக்கொள்ளும். திருவொற்றியூர்க் கரையில் கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகளின் பக்கமே போக வேண்டாம்.

9. சந்தேகம் என்றால் வேப்பேரிக்குப் போங்கள்; 1903இலிருந்து நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. குட்டி பிறந்த முதல் வாரமே நாலு காலையும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். வாராவாரம் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி எடுங்கள். போகும்போது அவற்றைக் கொண்டுபோங்கள். கோணல் கூடுகிறதா குறைகிறதா என்று டாக்டர் கேட்பார்.