வளைவில் ஆயில் எங்கே போகிறது?

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துப் பையன்கள் பலர் பொறியியல் படிக்கப் போன இடத்தில் சுப்ரா, ஃபார்முலா பாரத் போன்ற மாணவர் போட்டிகளுக்குக் கார் கட்டும் ஏதாவதொரு குழுவில் சேர்ந்துவிடுகிறார்கள். விடுமுறைக்கு வந்தால் திருக்கோவிலூர் லேத் பட்டறைகளில் கையில் பட்டியலோடு நிற்கிறார்கள். கொஞ்ச காலமாக அந்தப் பட்டியலில் முதலில் இருப்பது 'டிரை சம்ப்'. ஏன் என்று கேட்டால், ஜெயித்த குழு போட்டிருந்ததாம். கூட வரும் அப்பாக்களுக்கு வேறு வைத்தியம் தெரியும். லாரி, டிராக்டர் என்று பழகியவர்கள். "அரை லிட்டர் கூட ஊத்துடா, கெட்டி ஆயிலா ஊத்து, என்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டிதான் சம்ப். பம்ப், சம்ப்பின் அடியில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. கார் வேகமாகத் திரும்பும்போது ஆயில் எதிர்ப்பக்கச் சுவரில் ஏறிவிடுகிறது. பக்கவாட்டு விசை 1 ஜி என்றால் ஆயில் மட்டம் 45 டிகிரி சாயும், 1.5 ஜி என்றால் 56. ஸ்ட்ரெய்னர் வெளியே வந்ததும் பம்ப் காற்றை இழுக்கும். பேரிங்கைக் காப்பாற்றுவது சில மைக்ரான் கனமுள்ள ஆயில் படலம்தான். முதலில் போவது பெரும்பாலும் கனெக்டிங் ராடின் பிக் எண்ட் பேரிங். மெயின் பேரிங்கைத் தாண்டி, கிராங்கின் துளை வழியாகக் கடைசியாக ஆயில் போய்ச் சேரும் இடம் அது.

மாணவர் கார்களில் இதன் மேல் இன்னொரு வம்பு உண்டு. விதிப்படி 710 சிசி வரைதான் என்ஜின் என்பதால் எல்லோரும் பைக் என்ஜினைத்தான் எடுக்கிறார்கள். பைக் வளைவில் தானே சாய்கிறது. அதனால் ஓட்டுபவர் எவ்வளவு வேகமாகத் திரும்பினாலும் ஆயில் சம்ப்பின் அடியிலேயே அழுந்தி நிற்கும். அந்த என்ஜினை வடிவமைத்தவர் அதை நம்பியே சம்ப்பை ஒடுக்கமாகவும் ஆழமாகவும் வைத்திருப்பார். அதே என்ஜினைச் சாயாத காரில் உட்கார வைத்தால் ஆயில் கிளட்ச் பக்கமோ மேக்னெட் பக்கமோ ஏறி நிற்கும். பைக்கில் லட்சம் கிலோமீட்டர் ஓடிய என்ஜின் என்ற பெருமைக்கு இங்கே மதிப்பில்லை.

வளைவில் ஆயில் நிற்குமா என்ற சோதனை போட்டியிலேயே இருக்கிறது. ஸ்கிட்பேட் சுற்று எட்டு வடிவம். உள்வட்ட விட்டம் 15.25 மீட்டர். வலப்பக்கம் இரண்டு சுற்று, இடப்பக்கம் இரண்டு சுற்று. நல்ல குழுவுக்கு ஒரு சுற்று 5 விநாடி. அப்படியென்றால் தொடர்ந்து 10 விநாடி ஆயில் ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோதனை மேடையில் காரை 60 டிகிரி சாய்த்து ஒழுகுகிறதா என்று பார்க்கிறார்களே, அந்தச் சாய்வு கிட்டத்தட்ட 1.7 ஜி வளைவுக்குச் சமம். கல்வராயன் மலையில் கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறிப் பார்த்தோம், பிரஷர் விழவில்லை என்று ஒரு குழு சொன்னது. கொண்டை ஊசி வளைவில் மெதுவாகத் திரும்பும் வண்டிக்கு இந்த விசையில் பாதிகூட வராது. பொது ரோட்டில் அதற்கு மேல் முயலவும் கூடாது.

இனி வழிகள். அப்பாக்களின் அரை லிட்டர் முழுப் பொய்யில்லை. மேல் கோட்டுக்குச் சற்று மேலே வைத்துப் பந்தயம் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் மட்டம் கிராங்கைத் தொட்டால் அது ஆயிலைக் கடைந்து நுரையாக்கும்; நுரையைப் பம்ப் செய்வதும் காற்றைப் பம்ப் செய்வதும் ஒன்றுதான். கெட்டி ஆயில் அதைவிட மோசம். ஸ்ட்ரெய்னருக்கு ஆயில் எட்டாதபோது கெட்டியாக இருந்தென்ன, இளகலாக இருந்தென்ன? மேலே ஹெட்டுக்குப் போன கெட்டி ஆயில் சம்ப்புக்குத் திரும்பவும் தாமதமாகும்.

அக்யூமுலேட்டர் என்ற அழுத்த உருளை ஒன்று உண்டு. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆயில், நடுவில் பிஸ்டன். பிரஷர் விழுந்தால் சேமித்த ஆயிலைத் தள்ளும். ஸ்டார்ட் செய்யும் முன்பே பேரிங்கை நனைக்கலாம் என்பது கூடுதல் லாபம். ஆனால் கணக்குப் போடுங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் கேட்கும் என்ஜின் என்றால் 2 லிட்டர் உருளை 6 விநாடியில் காலி. ஸ்கிட்பேட் முடியவில்லையே! பிரேக் அடிக்கும் கணத்துக்கு, சின்ன வளைவுக்கு நல்ல துணை. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இப்போது டிரை சம்ப். என்ஜினுக்கு அடியில் ஆயில் தங்காது. தனிப் பம்ப்கள் அதை உறிஞ்சி உயரமான டேங்க்கில் சேர்க்கும். அங்கே நுரை பிரிந்து, அடியிலிருந்து பேரிங்குக்குப் போகும். என்ஜினைத் தாழ்வாக உட்கார வைக்கலாம். ஃபார்முலா 1 முழுக்க இதுதான், போர்ஷே 911 தொடக்கத்தில் வந்ததே இதோடுதான். ஏற்பாட்டில் குறையில்லை. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒரு செமஸ்டரில் இதைக் கட்டி ஓட்டிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் குறை.

என்ஜினுக்குள் கியரிலோ செயினிலோ பத்திரமாக ஓடிக்கொண்டிருந்த பம்ப்பை வெளியே எடுத்து பெல்ட்டில் மாட்டுகிறீர்கள். ஒரு கல் பட்டாலே பெல்ட் தாண்டும். ஹோஸ் இணைப்பு ஒவ்வொன்றும் ஒழுகலாம். அழுத்தப் பக்கம் ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், உறிஞ்சும் பக்கம் ஒழுகினால் ஒரு சொட்டும் வெளியே வராது, காற்று மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போகும். வண்டி நான்கு நாள் நின்றால் டேங்க் ஆயில் மெல்ல என்ஜினுக்குள் இறங்கிவிடும். காலையில் டேங்க்கைத் திறந்த மாணவன் குறைகிறதென்று இரண்டு லிட்டர் ஊற்றுவான். ஸ்டார்ட் செய்ததும் அது பிரீதர் வழியாகப் பொங்கும். மட்டம் பார்ப்பது சூடான என்ஜின் ஓடும்போதுதான் என்பதை யாராவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு பேரிங் போனால் அதன் துகள் டேங்க், கூலர், ஹோஸ் எல்லாவற்றிலும் படியும்; கழுவாமல் மாட்டினால் அடுத்த என்ஜினும் போகும். பெரும்பாலான பைக் என்ஜின்களில் கியர்பாக்ஸும் கிளட்ச்சும் அதே ஆயிலில், அதே கூட்டுக்குள் இருக்கின்றன. அந்தப் பக்கத்திலிருந்தும் ஆயிலை உறிஞ்சாவிட்டால் அங்கேயே குளம் கட்டும். பாகங்களை இறக்குமதி செய்தால் லட்சத்தில்தான் பேச்சு. ஒரு கல்லூரிக் குழு வாங்கிய பம்ப் பளபளவென்று இருந்தது. கார் தயாரானது போட்டிக்கு முந்தைய வாரம். ஓட்டுநருக்குப் பழகவே நேரமில்லை. பம்ப்புக்குப் பரிசு கிடையாது.

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். நான் தகடு வெட்டி, வெல்டிங் அடித்துப் பிழைத்தவன். அதனால் தடுப்புச் சம்ப்புக்குத்தான் வாக்களிப்பேன். தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் குறுக்குத் தகடுகள் இருப்பது தெரியுமல்லவா, அதே வேலைதான். ஸ்ட்ரெய்னரைச் சுற்றி ஒரு பெட்டி. அதில் உள்நோக்கி மட்டும் திறக்கும் சின்னக் கதவுகள். ஆயில் உள்ளே வரும், வெளியே போகாது. மேலே மூடித் தகடு வேண்டும், ஆனால் கீழே இறங்கும் ஆயிலுக்குத் துளையும் வேண்டும். ஸ்ட்ரெய்னருக்கும் அடித்தகட்டுக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒட்டி வைத்தால் உறிஞ்ச முடியாது. பழைய சம்ப் ஒன்றின் பக்கத்தை வெட்டி அக்ரிலிக் ஒட்டி, கலர் தண்ணீர் ஊற்றி 45 டிகிரி, 56 டிகிரி என்று சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிட வேகமாக ஓடும் என்பதால் இது கொஞ்சம் கடுமையான பரீட்சை. அதில் தேறினால் நல்லது.

அதோடு பிரஷர் சென்சார் ஒன்றை மாட்டி, ஜி விசையோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கம்பெனி விளக்கு பெரும்பாலும் அரை பாருக்குக் கீழே போனால்தான் எரியும். அதற்குள் பேரிங் கதை முடிந்திருக்கும். ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கை வைத்து அதற்குக் கீழே எச்சரிக்கை வையுங்கள். தடுப்புச் சம்ப் போட்டும் நீண்ட வளைவில் பிரஷர் விழுகிறது என்று பதிவு சொன்னால், அடுத்த ஆண்டும் இருக்கப்போகிற ஒருவன் குழுவில் இருந்தால், அப்போது டிரை சம்ப் பற்றிப் பேசலாம்.

கையில் கிடைத்த என்ஜினோடு தொடங்கியவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரைக் கட்டினார். நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் அந்த வகைக் காரில்தான், ஸ்ரீபெரும்புதூரில். 2005இல் அவர் ஃபார்முலா 1க்குப் போனார். கையில் இருக்கிற என்ஜினைப் புரிந்துகொள்ளும் கண்ணும், ஒரே சம்ப்பை நான்கு தடவை பிரித்துப் பூட்டும் பொறுமையும் உள்ள பையனை எந்தக் குழுவும் விடாது. வெல்டிங் வராதவன் டேட்டா பார்க்கட்டும், டேட்டா பிடிக்காதவன் ஸ்பேனர் எடுக்கட்டும். அப்பா சொன்னார் என்றோ சீனியர் சொன்னார் என்றோ வேலையை எடுக்காதீர்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டரை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள். மினுக்கும் துகள் காந்தத்தில் ஒட்டினால் கியர், செயின் பக்கம் தேடுங்கள். ஒட்டாமல் செம்பு நிறத்திலோ வெள்ளியாகவோ மினுக்கினால் முதல் சந்தேகம் பேரிங் மேல்தான். சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.