வாய் துர்நாற்றம் எங்கிருந்து வருகிறது?

என் உம்மும்மா பேரப்பிள்ளைகளைக் கண்டால் கொஞ்சாமல் விடமாட்டார். சென்ற வருடம் ஒருநாள் அவர் என்னைக் கொஞ்ச வந்தபோது, நான் என்னையறியாமல் முகத்தைத் திருப்பிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பின்பு என்னோடு பேசும்போதெல்லாம் முக்காட்டின் ஓரத்தால் வாயை மூடிக்கொண்டார். அவருக்கு வாய் நாறுகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. “வயிற்றில் புண் இருக்கும்” என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதோடு சரி.

அது பிழையான எண்ணம் என்று பிறகுதான் அறிந்தேன். வாய் நாற்றம் உள்ள பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. நாக்கின் பின்பகுதியிலும் பல்லிடுக்கிலும் முரசின் அடியிலும் ஒட்சிசன் இல்லாமல் வாழும் பற்றீரியாக்கள் உள்ளன. உணவுத் துணிக்கைகளிலும் உதிர்ந்த கலங்களிலும் உள்ள புரதத்தை அவை சிதைக்கும்போது கந்தக வாயுக்கள் வெளிவருகின்றன. அவற்றில் ஒன்றான ஐதரசன் சல்பைட்டுத்தான் கூழ்முட்டையின் நாற்றம்.

இப்பற்றீரியாக்களை அடக்கி வைப்பது உமிழ்நீர். நித்திரையில் அது குறைவதால்தான் காலையில் எல்லோருக்கும் வாய் நாறுகிறது. மன்னார் வெயிலில் நமக்குப் பகலிலும் வாய் காய்ந்துவிடும். அப்படியிருந்தும் மாணவிகள் பலர், கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று பாடசாலை விடும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை. பிறகு பக்கத்தில் இருப்பவளோடு பேசக் கூச்சப்படுவதும் நாம்தான்.

மீனையும் கருவாட்டையும் வீணாகக் குறை சொல்கிறோம். அந்த வாடை வாய் கொப்பளித்துப் பல் துலக்கினால் பெரும்பாலும் போய்விடும். வெள்ளைப்பூடு அப்படியல்ல. அதிலுள்ள ஒரு கந்தகப் பொருள் இரத்தத்தில் கலந்து சுவாசப்பை வழியாக மணிக்கணக்கில் வெளிவரும். எத்தனை முறை பல் துலக்கினாலும் நிற்காது. பூடும் வெங்காயமும் உண்ட வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் கூறியது இதைப் படித்தபோது இன்னும் நன்றாக விளங்கியது.

நீங்காத நாற்றத்துக்குப் பெரிய காரணம் முரசு நோய். இந்நோயைப் பற்றி உலகம் படித்த பாடங்களில் ஒன்று நமது நாட்டிலிருந்துதான் போனது. 1970இல் ஹெரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞரின் குழு, இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களைப் பரிசோதித்து, 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. பல்லைச் சுத்தம் செய்யும் பழக்கமோ பல் வைத்திய வசதியோ அவர்களுக்கு இருக்கவில்லை. நூற்றுக்கு 8 பேரில் பல்லைத் தாங்கும் இழையம் வேகமாக அழிந்தது. 81 பேரில் மிதமான வேகத்தில் அழிந்தது. மீதி 11 பேரில் முரசு அழற்சியோடு நின்றது. இந்த எண்களை வாசித்தபோது எனக்கு அந்த 480 பேரின் முகங்களைத்தான் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதே அறிஞர் 1965இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஆரோக்கியமான 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது குணமானது.

எனவே பற்பசை விளம்பரம் பார்த்து மணமுள்ளதைத் தேடத் தேவையில்லை. புளோரைட்டு உள்ள பற்பசையால் காலையிலும் படுக்கும் முன்பும் துலக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியுமென்றால் இரவை விடாதீர்கள். நாக்கையும் பின்பகுதி வரை மெதுவாக வழித்தெடுக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். உகாய் மரத்தின் வேரிலும் கிளையிலும் எடுக்கும் மிஸ்வாக்கை, அது வழக்கத்தில் உள்ள நாடுகளில் பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனமும் 1980களில் ஊக்குவித்தது. ஆனால் முன்பற்களை மட்டும் தேய்த்துவிட்டு எழுந்தால் போதாது, கடைவாய்ப் பற்களின் உட்புறத்துக்கும் குச்சி போக வேண்டும். நோன்பில் உச்சி சாய்ந்த பின் மிஸ்வாக் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ் என்பதால், ஸஹர் உணவுக்குப் பின் செய்யும் சுத்தமே பகல் முழுவதும் கைகொடுக்கும். நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியை விடச் சிறந்தது என்ற ஹதீஸ், ஸஹரில் பல் துலக்காமல் படுப்பதற்குச் சாட்டு அல்ல.

இவ்வளவும் செய்து இரண்டு, மூன்று வாரமாகியும் நாற்றம் போகாவிட்டால் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தொண்டைச் சதை, பீனிசம், நீரிழிவு என்று வேறு காரணங்களும் இருக்கலாம். நீரிழிவு உள்ளவரின் மூச்சில் பழுத்த பழம்போல வாசம் வந்து, வாந்தியும் சோர்வும் சேர்ந்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உம்மும்மாவிடம் நான்தான் கடைசியில் சொன்னேன். சொல்வதற்கு முன் இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். “எனக்குத் தெரியும் மகள், என்ன செய்யிறதெண்டுதான் தெரியேல்ல” என்றார். பல் துலக்கினால் இரத்தம் வருகிறது என்று பயந்து மாதக்கணக்காகத் துலக்காமல் இருந்திருக்கிறார்! பற்சிகிச்சைப் பிரிவில், முரசின் அடியில் கல்லாக இறுகியிருந்த படிவை மூன்று தடவையாக அகற்றினார்கள். சீனி பார்க்கவும் சொன்னார்கள், அதுவும் கூடத்தான் இருந்தது. இப்போது பேசும்போது முக்காடு வாய்க்கு வருவதில்லை. வெற்றிலையை மட்டும் இன்னும் விடவில்லை. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்றும், அதற்குப் பாக்கும் புகையிலையும் முக்கிய காரணம் என்றும் சொன்னேன். “நான் ஆம்பிளையா?” என்று கேட்டார். புகையிலையை நிறுத்தியிருக்கிறார். பாக்கைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.