மின்வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு: டிம்மரைச் சரிசெய்வதா, மாற்றுவதா?

டிம்மர் மின்சாரத்தைக் குறைப்பதில்லை, வெட்டுகிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு அரையலையும் 10 மில்லிசெகண்ட் ஓடும். குமிழின் வழியாக ஒரு சிறு கெப்பாசிட்டர் மெல்ல நிரம்பி, சுமார் 32 வோல்ட்டைத் தொட்டதும் டயாக் திறக்கும். அது ட்ரையாக்கைத் தட்டிவிடும். அரையலையில் மிச்சமிருக்கும் பங்கு மட்டும் பல்புக்குப் போகும். நொடிக்கு நூறு முறை இது நடக்கிறது. குமிழைத் திருப்பும்போது மாறுவது, ட்ரையாக் என்ற கதவு எவ்வளவு தாமதமாகத் திறக்கிறது என்பதுதான். குமிழைத் திருப்பி வேகத்தை ஒரே சீராகக் கூட்டும் மின்விசிறி ரெகுலேட்டருக்குள்ளும் பெரும்பாலும் இதே சுற்றுதான் இருக்கிறது. ஆகவே ஒன்றைப் படித்தவருக்கு மற்றதும் கைவரும்.

பழுதைப் பார்க்கும் முன் எம்.சி.பி.யை இறக்கியாக வேண்டும். டிம்மரின் குமிழை ‘ஆஃப்’ பக்கம் திருப்பினாலும் உள்ளே ஃபேஸ் இருக்கும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அடுத்து, கெட்டது டிம்மர்தானா என்று பார்க்க வேண்டும். வேலைப் பையில் ஒரு 60 வாட் குண்டு பல்பு இருந்தால் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். மினுக்குகிறது, ரீங்காரமிடுகிறது என்று வீட்டுக்காரர் சொல்லும் இடத்தில் எல்.இ.டி. பல்பைக் கழற்றிவிட்டுக் குண்டு பல்பை மாட்டிக் குமிழைத் திருப்பினால், ஒளி சீராக ஏறி இறங்கலாம். அப்படியானால் டிம்மரில் குறையில்லை. ட்ரையாக் திறந்தபடி நிற்க ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் வேண்டும். 9 வாட் எல்.இ.டி. அதைத் தருவதில்லை. பழைய டிம்மரைப் பிரித்து எத்தனை முறை சால்டர் வைத்தாலும் இந்தக் குறை தீராது. வீட்டில் எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டதென்றால் டிம்மரை எடுத்துவிட்டுச் சாதாரண சுவிட்ச் போடலாம். ஒளியைக் குறைக்கும் வசதி உண்மையிலேயே தேவைப்பட்டால், டிம்மருக்கு ஏற்றது என்று அட்டையில் அச்சிட்ட பல்பும் எல்.இ.டி.க்கென்றே செய்த டிம்மரும் சேர்த்து வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது காசுக்குக் கேடு.

குண்டு பல்பிலும் குறை தெரிந்தால் டிம்மரைக் கழற்றலாம். குமிழ் எங்கே இருந்தாலும் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தால், ட்ரையாக் உள்ளுக்குள் ஒட்டிப்போயிருக்கும்: அதன் முதல் இரண்டு கால்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். விளக்கு எரியவே இல்லையென்றால் ஃபியூஸ், டயாக், திருகு தளர்ந்த ஒயர் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். குமிழ் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒளி துள்ளினால் குமிழின் கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. அச்சை மெல்லத் திருப்பும்போது மீட்டரும் அதே இடத்தில் துள்ளும்.

ட்ரையாக் போனதென்றால், ஏன் போனது என்று கேட்காமல் புதியதை வைக்கக் கூடாது. 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. ஆனால் இழை குளிர்ந்திருக்கும் முதல் கணத்தில் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். இழை அறுந்து உள்ளே பொறி பறக்கும்போது இன்னும் மோசம், பி.டி.136 போன்ற 4 ஆம்பியர் ட்ரையாக் அதோடு சேர்ந்து போய்விடும். பல்பு ஃபியூஸ் போன அன்றுதான் டிம்மரும் கெட்டதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்பார். அப்படி இல்லாமல் 400 வாட் டிம்மரில் சரவிளக்கின் பல்புகள் அத்தனையையும் மாட்டியிருந்தால், புது ட்ரையாக்கும் நெடுநாள் நிற்காது.

பாகங்களின் விலை அற்பம். சென்னை ரிச்சி தெருவில் ட்ரையாக்கும் டயாக்கும் கைநிறைய வாங்கலாம். செலவெல்லாம் நேரத்தில்தான். கடையில் அதே அளவு டிம்மர் மாட்யூல் கிடைக்கும்போது அரை மணி நேரம் சால்டர் வைத்து அதற்குக் கூலி வாங்குவது வாடிக்கையாளருக்கு நியாயமில்லை. ஆனால் மாடல் நின்றுபோய், ஒரு டிம்மருக்காகப் பிளேட்டோடு எட்டு சுவிட்சையும் மாற்ற வேண்டிய நிலை வந்தால் பழுதுபார்ப்பதுதான் சரியான வேலை. அங்கே தயங்கக் கூடாது. போர்டு கருகியிருந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, திருகு பிடிக்கும் பித்தளை தளர்ந்திருந்தாலோ பேச்சே இல்லை, மாற்ற வேண்டும்.

புது ட்ரையாக் 600 வோல்ட்டாவது தாங்க வேண்டும். ஆம்பியர் பழையதற்குக் குறையக் கூடாது. பி.டி.136-இன் உலோக முதுகில் மின்சாரம் இருக்கும், பி.டி.ஏ. வரிசையில் முதுகு காப்பிடப்பட்டது. காப்பிட்டது இருந்த இடத்தில் காப்பில்லாததை வைத்தால், அதைத் தொட்டிருக்கும் வெப்பத்தகட்டிலும் ஃபேஸ் ஏறிவிடும். உயிர் போகும் பிழை அது.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதல் சந்தேகம் ரெகுலேட்டர் மீது விழக் கூடாது. விசிறியின் கிண்ணத்துக்குள் இருக்கும் 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். படிப்படியாக வேகம் மாறும் ரெகுலேட்டர் வேறு வகை. அதற்குள் இருப்பவையும் கெப்பாசிட்டர்கள்தான். ஒரே ஒரு படியில் மட்டும் வேகம் குறைந்தால் அந்தப் படிக்குரியது வலுவிழந்திருக்கலாம். பி.எல்.டி.சி. விசிறி வந்துவிட்டால் எந்த ரெகுலேட்டரும் அதன் வழியில் இருக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் பிளேட்டைப் பூட்டி, முழுச் சுமையில் அரை மணி நேரம் எரியவிட்டு, முகப்பில் கை வைத்துப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு. கை வைக்க முடியாத சூடென்றால், பல்புகளின் வாட்டை மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும்.