அப்பத்தா பெயரை முதலில் எழுது

அன்புள்ள பாப்பாவுக்குப் பெரியப்பா எழுதுவது.

வருஷத் திதிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அப்பத்தா நினைவாக அன்னதானமா, கோயிலுக்கு மணியா, நினைவு மலரா என்று முடிவு செய்கிற பொறுப்பை உன்னிடம் விட்டிருக்கிறார்கள். எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அன்னதானம் ஒரு பொழுதோடு தீர்ந்துவிடும். மணியில் உபயம் என்று தாத்தா பெயரைத்தான் வெட்டுவார்கள். மலர்தான் என்றால், அது பதினாறாம் நாள் அட்டை மாதிரி ஆகிவிடக் கூடாது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், பாசத்தின் சிகரம், தியாகத்தின் திருவுருவம். எந்த வீட்டுத் தாயின் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்துகிற வரிகள் இவை. அவள் பிறந்த ஊர்கூட அதில் இல்லை. அந்த அட்டையை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜ சோழன் கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பற்றி வெட்டி வைத்திருக்கிறான். ஒவ்வொருத்தியின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தியைப் பற்றியும் புகழ்ச்சி கிடையாது. ஆயிரம் வருஷம் கழித்தும் அவர்கள் தனித்தனி ஆட்களாக நமக்குத் தெரிவது அந்த விவரத்தால்தான். நம் வீட்டு மொய் நோட்டில் ஐம்பது ரூபாய் செய்தவனின் பெயர்கூட ஊரோடு இருக்கிறது. அத்தனை விசேஷத்துக்கும் உலை வைத்தவளின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. இது நம் வீட்டுக் குறை மட்டும் இல்லை. வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்ணை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை செய்யாதவர் பட்டியலில்தான் சேர்க்கிறது. அதே அரசாங்கம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்போ, கூலியில்லாத வீட்டு வேலை பார்க்கிறவர்களில் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு சராசரியாக 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் செலவிடுவதாகச் சொல்கிறது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், பாப்பா. தியாகம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் அந்த ஐந்து மணி நேரத்துக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் அந்தச் சொல்லே வேண்டாம் என்கிறேன்.

தன்னைப் பற்றிப் பேசுவது அப்பத்தாவுக்குப் பிடிக்காதே என்பார்கள். புகழ்வதுதான் அவளுக்குப் பிடிக்காது. எந்தப் பட்டத்தில் எந்த நெல் போட்டாள், கம்மாய் வற்றிய வருஷங்களில் எதை வைத்துச் சமாளித்தாள், யார் யாருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தாள் என்று எழுதுவது புகழ்ச்சி ஆகாது. போனில் அத்தனை படம் இருக்கிறதே என்று நீயே கேட்பாய். படம் முகத்தைக் காட்டும், கைப்பக்குவத்தைக் காட்டாது. மீனாட்சி அம்மாள் 1951-ல் ‘சமைத்துப் பார்’ என்று சமையல் புத்தகம் எழுதி வைத்ததால்தான் அவர் வீட்டுப் பக்குவம் இன்று முகம் தெரியாதவர்கள் அடுப்பிலும் இருக்கிறது. பழைய பாகப்பிரிவினையை எதற்குக் கிளற வேண்டும் என்று உன் அப்பா சொல்வான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பாகம் பிரிந்த அந்த வருஷத்தை விட்டுவிட்டால், இரண்டு வீட்டுக்கும் சோறு போன அந்த அடுப்பையும் சேர்த்து விட்டுவிடுகிறோம். யார் பக்கம் சரி என்று எழுத வேண்டாம். அவள் என்ன செய்தாள் என்பதை மட்டும் எழுது.

ரொம்பப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. உன் கையெழுத்தும் நிதானமும் அப்படியே அப்பத்தாவுடையது. நீ எதைச் செய்தாலும் அழகாகத்தான் வரும், அன்னதானமே என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பேன். மலர் என்றால் அச்சுக்கூலி என்னுடையது. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. ஒன்று மட்டும் தள்ளிப் போட முடியாது. அப்பத்தாவின் சின்ன வயசு தெரிந்த ஆள் இப்போது சின்ன அப்பத்தா ஒருத்திதான். இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டோடு போய்விடு. அவளுக்கு இடது காதுதான் கேட்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்.

அன்புடன்,
பெரியப்பா