பூச்சி மருந்து லேபிளில் புள்ளியும் கோடும்

பூச்சி மருந்து வாங்கும்போது பெயரையும் விலையையும் மட்டும் பார்த்தால் போதாது. லேபிளிலும், டப்பாவுடன் வரும் துண்டுச் சீட்டிலும் உள்ள புள்ளி, கோடு முதலிய சிறு குறிகளையும் கவனிக்க வேண்டும். மருந்தின் அளவே அவற்றில்தான் இருக்கிறது.

புள்ளி

பருத்தியில் அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ ஆகியவற்றுக்கு உபயோகிக்கும் இமிடாகுளோபிரிட் 17.8 சதம் எஸ்.எல். மருந்தை எடுத்துக் கொள்வோம். எக்டருக்கு 100-125 மி.லி. மருந்து, 500-700 லிட்டர் தண்ணீர் என்பது சிபாரிசு. அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 0.2 மி.லி. மட்டுமே. பத்து லிட்டர் தெளிப்பானுக்கு 2 மி.லி. போதும். புள்ளியைக் கவனியாமல் லிட்டருக்கு 2 மி.லி. ஊற்றினால் பத்து மடங்கு ஆகிவிடும். பணம் வீணாவதுடன் தெளிப்பவருக்கும் ஆபத்து. பூவுக்கு வரும் தேனீக்களும் மடியும்.

வேம்பு மருந்திலும் இதே கவனம் வேண்டும். அசாடிராக்டின் 0.03 சதம், 0.15 சதம் என இரு வகைகள் கடைகளில் கிடைக்கின்றன. இரண்டாவது, முதலாவதைவிட ஐந்து மடங்கு வீரியம் உள்ளது. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றுக்கு வைத்துக் கொள்ளக் கூடாது.

இடைக்கோடும் சாய்கோடும்

100-125 என்றால் 100 முதல் 125 வரை என்று பொருள். பூச்சி அதிகம் என்பதற்காக 125-ஐத் தாண்டக் கூடாது.

'மி.லி./எக்டர்' என்பதில் உள்ள சாய்கோட்டுக்கு 'ஓர் எக்டருக்கு' என்று பொருள். எக்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். ஆகவே மேற்சொன்ன மருந்து ஏக்கருக்கு 40-50 மி.லி. மட்டுமே தேவை. எக்டர் அளவை ஏக்கருக்கு ஊற்றினால் இரண்டரை மடங்கு மருந்து செலவாகும்.

துண்டுச் சீட்டில் 20-25 கிராம் என்றும் இருக்கும். அது மருந்தில் அடங்கிய நஞ்சின் எடை. அளந்து ஊற்ற வேண்டியது மி.லி. கணக்குதான்.

ஆச்சரியக்குறி

எச்சரிக்கை வாசகத்தின் பின் எத்தனை ஆச்சரியக்குறி இருந்தாலும் அதை வைத்து நஞ்சின் கடுமையை அறிய முடியாது. 1971-ம் ஆண்டுப் பூச்சிகொல்லி விதிகளின்படி லேபிளில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறமே கடுமையைக் காட்டும். சிவப்பு மிகக் கடுமையானது. அதில் மண்டையோட்டுப் படமும் இருக்கும். அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. பச்சை நிறத்திலும் நஞ்சு உண்டு என்பதை மறக்கலாகாது.

செய்ய வேண்டியவை

* டப்பாவைத் திறக்குமுன், 'பத்து லிட்டருக்கு இத்தனை மி.லி.' என்று எழுத்தாலேயே ஒரு தாளில் எழுதி, தெளிக்கும் ஆளுக்குப் படித்துக் காட்டவும்.
* எழுத்து பொடியாக இருந்தாலோ, கணக்கில் சந்தேகம் இருந்தாலோ வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுத் தெளிவு பெறவும்.
* மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், கோடு போட்ட அளவுக் குவளை அல்லது ஊசியற்ற சிரிஞ்சால் அளக்கவும். அதை வீட்டில் வேறெதற்கும் உபயோகிக்கக் கூடாது.
* தெளித்து முடியும்வரை லேபிளைக் கிழிக்க வேண்டாம். யாருக்காவது மயக்கமோ வாந்தியோ ஏற்பட்டால் டாக்டரிடம் காட்ட அதுவே உதவும்.