அப்பத்தாவின் பச்சை

அப்பத்தாவின் முன்னங்கையில் குறத்தி குத்திய பச்சை இருக்கிறது: ஒரு தேள், பக்கத்தில் சின்னக் கோலம். அந்தக் கைக்காகத்தான் படமே எடுத்தேன். தட்டில் பச்சை விழவே இல்லை.

நான் எடுத்தது 1851இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தட்டு முறையில். செய்முறையை எந்தப் பட்டறையிலும் சொல்லித் தருவார்கள். கண்ணாடியில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் மூன்று நான்கு நிமிடம் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, இரும்பு சல்பேட் ஊற்றிக் கழுவி, ஹைப்போவில் போட வேண்டும். இருட்டறைக்கு நம் மாட்டுக்கொட்டகை போதும். கொலோடியனில் உள்ள ஈதர் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது.

நான் பணம் கட்டிப் படித்த பட்டறை சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தத் தட்டுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும்; சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருட்டு. அங்கே மாதிரிக்கு உட்கார்ந்த யாரும் மஞ்சள் பூசியவர்கள் இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட அதிக இழப்பைத் தந்தது அதுதான்.

அப்பத்தா மஞ்சள் தேய்த்துக் குளித்து, குங்குமம் வைத்து, திண்ணையில் எட்டு விநாடி சிலையாக உட்கார்ந்தார். ஹைப்போவில் தட்டு தெளியத் தெளிய என் வயிறு கலங்கியது. மஞ்சள் முகம் கருத்திருந்தது. குங்குமம் கரிப்பொட்டாகியிருந்தது. மூக்குத்தி பக்கம் மாறியிருந்தது. இந்தத் தட்டில் இடவலம் மாறும், அது பிழையில்லை. ஆனால் நீலம் பாய்ந்த பச்சைக்கோடு வெளிறித் தோலோடு தோலாகிப் போயிருந்தது.

“செத்தாலும் கூட வர்றது இது ஒண்ணுதான்னு குத்திக்கிட்டேன். உன் பொட்டிக்குள்ள வரலியேடா” என்றார்.

மறுநாள் மஞ்சள் பூச வேண்டாம் என்று கெஞ்சி, பச்சைக்கோட்டின் மேலேயே கண்மையால் வரைந்தேன். தேள் வந்தது. சித்தப்பா அதைப் போலி என்கிறார். தன் முகத்தை வெளுப்பாக்கி ஃப்ளெக்ஸ் அடித்தவர் அவர். கையில் இருந்ததைத்தான் நான் வரைந்தேன், இல்லாததை இல்லை. தட்டோரக் கறைகளையும் குறை சொன்னார். 48 வயதில் இதே முறையில் இறங்கிய ஜூலியா மார்கரெட் கேமரனின் முகப்படங்களில் கறையும் மங்கலும் நிறையவே உண்டு. கறைக்கு நான் வெட்கப்படவில்லை.

ஆளை உட்கார வைக்கும் முன், நீலக் கண்ணாடித்தாள் வழியாக ஒருமுறை பாருங்கள். பொட்டு, மஞ்சள், பச்சை என்னவாகும் என்று ஓரளவு பிடிபடும். பிறகு முகத்தை விட்டுவிட்டு, கையை மட்டும் சின்னத் தட்டில் எடுத்துப் பாருங்கள்.

முதல் தட்டையும் வார்னிஷ் பூசி வைத்திருக்கிறேன். அப்பத்தா அதைத் தன் படம் என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.